பூசைக்கு மறுநாள்

டக்.

அவ்வளவுதான். சாவியைத் திருகினால் ஒரு டக். அதன்பிறகு பிக்கப் வண்டி வாயைத் திறக்கவில்லை.

முன்சக்கரங்களுக்கு அடியில் இரண்டு எலுமிச்சம்பழங்கள் நசுங்கக் காத்திருந்தன. பின்னால், தென்காசிக்குப் போக வேண்டிய வாழைத்தார்கள்.

அவள் மறுபடியும் திருகினாள்.

டக்.

"பொம்பள கை பட்டதும் மக்கர் பண்ணுது, பாத்தியளா?" என்றான் லோடுமேன் மாசானம். யாரிடமும் சொல்லாத மாதிரி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

மண்டி முதலாளி தவசிக்கனி அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சனிக்கிழமை. ஒன்பது மணிக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி கிளம்பினால் டிரைவர் வேலை அவளுக்கு. கிளம்பாவிட்டால் வேறு ஆள். அந்த வேறு ஆளின் நம்பரை போனில் ஏற்கெனவே எடுத்து வைத்திருந்தார்.

எட்டு நாற்பது.

மார்ச் மாத மகளிர் தினக் கூட்டத்தில், மைக் கையில் கிடைத்த வேகத்தில், தன் வண்டியை இனி ஒரு பெண்தான் ஓட்டுவாள் என்று அறிவித்தவர் அண்ணாச்சி. கூட்டம் கை தட்டியது. தட்டியவர்களில் ஒருத்தி மட்டும் அதை நம்பிவிட்டாள். ஆறு வருடம் ஆட்டோ ஓட்டியவள். ஏழு மாதமாக மண்டி வாசலில் வந்து வந்து நின்றாள்.

இப்போது அவளுக்கு ராகுகாலம் நினைவில் இல்லை. மாசானமும் நினைவில் இல்லை.

அந்தச் சத்தம்தான்.

பேட்டரி செத்திருந்தால் டகடகவென்று தந்தியடிக்கும். இது ஒரே ஒரு டக். யாரோ வாசல் வரை வந்து, ஒரு தட்டு தட்டிவிட்டுத் திரும்பிப் போவது போல.

ஹாரனை அமுக்கினாள். எதிரே அசைபோட்டுக்கொண்டிருந்த மாடு துள்ளி எழுந்தது.

தெம்பு இருக்கிறது.

விளக்கைப் போட்டாள்.

"மாசானண்ணே, முன்னால நின்னு லைட்டைப் பாருங்க."

திருகினாள்.

"அணைஞ்சிட்டு!" என்றான் மாசானம். "ஏ... இப்ப எரியுது!" தான் எந்தக் கட்சி என்பதையே ஒரு நிமிடம் மறந்துவிட்டிருந்தான்.

அப்படியென்றால் தெம்பு இருக்கிறது. கேட்கிற நேரத்துக்கு வந்து சேரவில்லை. நடுவில் எதுவோ மறிக்கிறது.

"திருஷ்டி" என்றார் அண்ணாச்சி, எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுச் சொல்லும் டாக்டர் குரலில். "நேத்து ஆயுதபூசையில நான் ஒரு குறையும் வைக்கல. ஊர்ல அவனவன் கண்ணாடியில ஒரு பொட்டை வச்சிட்டு சுண்டல் திங்கப் போயிருதான். நான் அப்படியில்ல. ஒண்ணொண்ணாக் கழத்தித் தொடச்சி, உள்ள வரைக்கும் சந்தனம் குங்குமம் வச்சேன். என் கையால."

அவள் இறங்கினாள்.

"உள்ள வரைக்கும்னா, அண்ணாச்சி?"

"உள்ள வரைக்கும்னா உள்ள வரைக்கும்தான்."

பானெட்டைத் தூக்கினாள்.

ரேடியேட்டருக்குப் பொட்டு. ஆயில் மூடிக்குப் பொட்டு. வைப்பர் தண்ணி டப்பாவுக்கும் பொட்டு. நிச்சயதார்த்தத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

பேட்டரியில் சிவப்பு வயர் போகும் முனையைத் தொட்டாள். குளிர்ந்திருந்தது.

கறுப்பு வயர் முனை. காய்ச்சல்காரன் நெற்றி மாதிரிச் சுட்டது.

தனக்குள் சிரித்துக்கொண்டாள். பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு அந்த முனையின் கவ்வியைக் கழற்றினாள்.

கவ்வியின் உள்வளையம் முழுக்கச் சந்தனம். கொத்தனார் பூசிய மாதிரி. காய்ந்து, வெடித்து, நடுவில் ஒரு குங்குமப் பொட்டுடன்.

நிழல் விழுந்தது.

"என்னம்மா தெரியுது?" அண்ணாச்சி. அவருக்குப் பின்னால் அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் நாலைந்து பேர். வியாபாரிகள் சங்கப் பொருளாளர் வேறு டீ கிளாஸோடு வந்து நின்றார்.

அவள் கவ்வியைப் பார்த்தாள். பொருளாளரைப் பார்த்தாள். வேலை இன்னும் கைக்கு வரவில்லை.

கவ்வியை உள்ளங்கைக்குள் மறைத்து, உப்புத்தாளால் தேய்த்தாள். காய்ந்த சந்தனம் தூளாகக் காலடியில் கொட்டியது. மாட்டி முறுக்கினாள்.

"சாமி கொஞ்சம் ஆழமாப் போயிட்டாரு, அண்ணாச்சி." அவருக்கு மட்டும் கேட்கும்படி. "வெளிய கூட்டிட்டு வந்துட்டேன்."

அண்ணாச்சி குனிந்து தரையைப் பார்த்தார். செருப்பு நுனியால் கொஞ்சம் மண்ணைத் தள்ளி, அந்தத் தூளை மூடினார்.

சாவியைத் திருகினாள்.

வண்டி உறுமிக்கொண்டு எழுந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.

"பாத்தியளாவே, நம்ம பூசைய!" அண்ணாச்சி கூட்டத்தின் பக்கம் திரும்பி இரண்டு கையையும் விரித்தார். பிறகு அவளிடம், கொஞ்சம் சத்தம் குறைத்து: "லோடை எறக்கிட்டு வா. வேலை விசயம் பொறவு பாப்போம்."

பொறவு. ஏழு மாதமாகக் கேட்ட அதே சொல்.

தெருக்கோடியில் ரயில்வே கேட் போட்டிருந்தது. நின்றாள். பக்கவாட்டுக் கண்ணாடியில் மண்டி வாசல் சின்னதாகத் தெரிந்தது.

கூட்டம் கலைந்துவிட்டது. அண்ணாச்சி, ஓரமாக நின்ற தன் வெள்ளைக் காரில் ஏறி உட்கார்ந்தார்.

கார் நகரவில்லை.

இறங்கினார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். பானெட்டைத் தூக்கி, உள்ளே கையை விட்டு எதையோ தொட்டார். வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

ரயில் போய்விட்டது. கேட் தூக்கினார்கள்.

அண்ணாச்சி நடுத்தெருவுக்கு வந்து, இந்தப் பக்கமாகக் கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தார். வேட்டி அவிழ்ந்துவிடும் வேகத்தில்.

அவளும் ஜன்னல் வழியே கையை நீட்டி, மரியாதையாக ஆட்டினாள்.

தென்காசி போய்த் திரும்ப மதியம் ஆகும்.