ஆஃப்செட்டா, டிஜிட்டலா?

டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரில் அச்சகம் நடத்தும் சிக்ரிட்டிடம், பக்கத்து பேக்கரிக்காரன் டோர்கில் வந்து நின்றான்.

"கல்யாணப் பத்திரிகை அடிக்கணும்."

அவள் முகம் வாடியது. தினமும் அவன் கொண்டுவந்து கொடுக்கும் ஏலக்காய் பன்னுக்கு அவள் வேறு அர்த்தம் வைத்திருந்தாள்.

"சொல்லவே இல்லையே. ஆஃப்செட்டா, டிஜிட்டலா?"

"என்ன வித்தியாசம்?"

"ஆஃப்செட்டுக்கு பிளேட் போடணும். நிறைய அடிச்சாத்தான் கட்டுப்படியாகும். கொஞ்சம்னா டிஜிட்டல். எத்தனை வேணும்?"

"ஒண்ணே ஒண்ணு."

"கல்யாணத்துக்கு ஒரே ஆளைத்தான் கூப்பிடப்போறியா?"

"பொண்ணுக்குத்தான். இன்னும் அவகிட்ட கேக்கலை. நேர்ல பார்த்தா நாக்கு ஒட்டிக்குது."

"நல்லா பொழைச்சே போ." சிக்ரிட் கீபோர்டை இழுத்தாள். "பொண்ணு பேரைச் சொல்லு."

"சிக்ரிட்."

இரண்டு எழுத்து தட்டியவள் அப்படியே நின்றாள். பிறகு திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல் சொன்னாள்:

"ஒண்ணு பத்தாது. எங்க பக்கமே இருநூறு பேர் இருக்காங்க. ஆஃப்செட்லயே போட்டுடலாம்."