பின்பக்கத் திரை

பின்பக்கத் திரையில் வெளிச்சப் பொட்டு தெரிகிறது என்று தங்கை சொன்ன நாளிலிருந்து அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடத்தில் ஒரே வேலை. இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் மின்னி மறையும் பொட்டுகளை எண்ண வேண்டும். மெல்லிய தங்கத் தகட்டின் மேல் துகள்களைப் பாய்ச்சுவார்கள். அவை தகட்டைத் துளைத்துப் போய் முன்பக்கத் திரையில் பட்டால் பொட்டு மின்னும். அணு என்பது பிசைந்த மாவு மாதிரி மெத்தென்றது, எதுவும் அதில் புகுந்து போய்விடும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள்.

முன்பக்கத் திரை அக்காவுடையது. அவள் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த சின்னவளுக்கு, ஒப்புக்குச் சப்பாணியாக, துகள் புறப்படும் பக்கத்தில், பின்பக்கத் திரைக்கு எதிரே ஓர் இடம். எதுவும் திரும்பி வராத இடம்.

அங்கேதான் வந்தது.

அணுவின் நடுவே கெட்டியாக ஏதோ இருக்கிறது, அதில் மோதித்தான் திரும்புகிறது என்று பேராசிரியர் மேசையைத் தட்டினார். அக்கா இத்தனை வருடமாக எண்ணிய பொட்டுகளுக்கு அவர் ஒரு நாளும் மேசையைத் தட்டியதில்லை.

குருட்டு அதிர்ஷ்டம், வேறென்ன. வேலை வாங்கிக் கொடுத்தவள் ஒருத்தி, பேர் வாங்குகிறவள் ஒருத்தி. பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க அவள் மெனக்கெடவில்லை.

"இருட்டுல உத்துப் பார்த்தா இல்லாததும் தெரியும் சார்" என்று ஒரு நாள் போட்டு வைத்தாள்.

அவர் யோசித்தார். தானே உள்ளே போய்க் கருவியைப் பார்த்துவிட்டு வந்தார். சின்னவளின் இருக்கையில் அக்காவையே உட்காரச் சொன்னார். அவள் சொல்வதுதான் முடிவு என்றார். சின்னவளின் முகம் வெளுத்துவிட்டது.

இருட்டுக்குக் கண் பழகியது. அப்போதுதான் அக்காவுக்குப் பயம் வந்தது. பொட்டு தெரிந்துவிட்டால்? பார்த்ததை இல்லை என்று சொல்ல அவளுக்கு நா எழாது. பார்க்காமலே இருந்துவிட்டால் பொய்யே இல்லை.

கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மணி அடித்ததும் வெளியே வந்து, தனக்கு ஒன்றுமே தெரியவில்லை என்றாள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

பேராசிரியர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்னச் சட்டத்தை எடுத்தார். அதில் தங்கத் தகடு.

"இதை எடுத்துட்டுத்தாம்மா உன்னை உட்கார வெச்சேன். தகடு இல்லன்னா பொட்டும் இல்ல. அப்ப உன் தங்கச்சி பார்த்தது தங்கத்துல மோதித் திரும்பினதுதான். இனிமே யாரும் வாயைத் திறக்க முடியாது."

நான் கண்ணைத் திறக்கவே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சாட்சியம் செல்லாது. அக்காவின் வேலையும் கூடவே போய்விடும்.

சின்னவள் ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"நீ மட்டும் என் மேல இருக்கற பாசத்துல தெரியுதுன்னு சொல்லியிருந்தா எல்லாமே கெட்டுப் போயிருக்கும்க்கா."