இரண்டு மில்லி தள்ளி

காலையில் வெறும் வயிற்றில் விழுங்கிய மாத்திரை, பத்தே நிமிடத்தில் என் கணவரின் இரைப்பையை ஹால் டிவியில் காட்டியது. இளஞ்சிவப்புச் சதையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு திட்டு. புற்றுநோய்தான், ஆனால் ஆரம்ப நிலை. மாத்திரை அதைச் சுற்றிப் பச்சைக் கோடு போட்டது. நோயாளி 'சரி' என்று சொன்னால் போதும், கோட்டின் மேலேயே வெட்டி எடுத்துவிடும்.

இவர் சொல்லவில்லை. ஓய்வுபெற்ற சர்வேயர் அல்லவா? கண்ணாடியை மாட்டிக்கொண்டு டிவிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"வடகிழக்கு மூலையில கோடு உள்ள வாங்கியிருக்கு. ரெண்டு மில்லி தள்ளிப் போடும்மா."

"எல்லை துல்லியமாக உள்ளது ஐயா. அதற்கு அப்பால் நல்ல திசு," என்றது மாத்திரை.

"என் வயித்துல எனக்கில்லாத கவலை உனக்கென்ன? தள்ளிப் போடு."

வயிற்றுக்குள் வடகிழக்கு எது என்று அது பணிவாகக் கேட்டது. இவர் எழுந்து போய் டிவியில் விரலை வைத்துக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அது மெஷினுங்க. தப்பாப் போடாது. துல்லியம்னு சொல்லுதுல்ல?"

"நானும் முப்பது வருஷமா துல்லியம்னு எழுதித்தான் கையெழுத்துப் போட்டேன், மரகதம்."

"தள்ளியே போடும்மா," என்று நானும் மாத்திரையிடம் சொன்னேன். எங்கள் மனையை இவர் துல்லியமாக அளந்து வீடு கட்டிய நாளிலிருந்து, அடுத்த வீட்டு சவரிமுத்துவின் நிலத்தில்தான் நான் சோறு வடித்துக்கொண்டிருக்கிறேன்.