உறை

கலெக்டர் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்ததால் சுடலைமணியின் துப்பாக்கி போலீஸ் நிலையத்தில் இருந்தது. அதன் உறைக்குள் ஒரு கம்பைச் செருகித் தோளில் மாட்டிக்கொண்டுதான் அவர் வயலுக்குப் போய்வந்தார். அவரை வெட்டுவேன் என்று சபதம் போட்டிருந்த பங்காளி ஆவுடையப்பன், உறையைக் கண்டால் ஒதுங்கிப் போவான்.

“உயிருக்கு ஆபத்து, உரிமம் வேணும்னு கலெக்டர் மேல கேஸ் போடறோம். உங்க மேல ஒரு கீறல்கூட இல்லையே, அண்ணாச்சி,” என்றார் வக்கீல்.

“துப்பாக்கி எங்கிட்ட இருக்குன்னு நெனைக்கான், சார்.”

வக்கீல் சிரித்தார். “இதை முதல்லயே சொல்லக்கூடாதா? மனுவுல எழுதிடுவோம்.”

“அவனுக்குத் தெரிஞ்சிருமா?”

“அவரும் எதிர்மனுதாரர். நகல் போகும்.”

“எப்ப?”

“இந்த வாரமே.”

“தீர்ப்பு?”

“அது வர்றப்ப வரும்.”

வக்கீல் அந்த வரியைச் சேர்த்து, கையெழுத்துக்கு மனுவை நீட்டினார். சுடலைமணி பேனாவைத் திறந்து கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.