ஊசி போட்டால் நோன்பு முறியுமா?

"ஊசி போட்டா நோன்பு முறிஞ்சிரும் மச்சான். எனக்கு வேணாம்."

அறைக் கதவை ஒருக்களித்துக்கொண்டு சைதா தன் கணவன் உதுமானிடம் சொன்னாள். ரங்கூனில் பிளேக் பரவிக்கொண்டிருந்தது. அவர்கள் வீட்டுப் படிக்கட்டில் எலிகள் செத்து விழுந்தன. மேல்மாடி வேலம்மா காய்ச்சலும் கட்டியுமாகப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. அவளுக்குக் கடைசிவரை கஞ்சி ஊட்டியவள் சைதாதான்.

தெருவில் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்களுக்குப் போட நர்ஸ் தெரேசா வீடுவீடாக ஏறி வந்தாள். பிள்ளைகளுக்கு முதலில் போடச் சொல்லி அனுப்பியதே சைதாதான். தன் முறை வந்ததும் நோன்பைச் சொல்லி உள்ளே போய்விட்டாள்.

உதுமான் பள்ளிவாசலுக்கு ஓடினான். ஆலிம்சா நிதானமாக விளக்கினார். வாய், மூக்கு வழியாக வேண்டுமென்றே ஒன்றை உள்ளே அனுப்பினால் நோன்பு முறியும். தோலில் குத்தும் ஊசியால் முறியாது. மறந்துபோய்ச் சாப்பிட்டால்கூட முறியாது என்றார். உதுமான் தானும் போட்டுக்கொண்டு வந்து கையைக் காட்டினான்.

ரத்தம் வந்தால் என்ன செய்வது என்றாள் சைதா. மறுபடி ஓடினான். அதனாலும் முறியாதாம். குமட்டி வாந்தி வந்தால்? தானாக வரும் வாந்தியாலும் முறியாதாம். கடைசியில், மஃரிபுக்கு நோன்பு திறந்த பிறகு பார்க்கலாம், அதற்குள் பிள்ளைகளோடு படகேறி அக்கரையில் சிரியத்தில் இருக்கும் தன் கூடப்பிறந்த லாத்தா வீட்டுக்குப் போங்கள் என்றாள்.

அவளுக்கு ஊசி போடாமல் நகர அவனுக்கு மனம் வரவில்லை. அவள் உதடு வெடித்திருந்தது, கண் சிவந்திருந்தது. நோன்புக் களைப்பு என்று நினைத்தான். ரமலானில் தனியாக இருந்து ஓத வேண்டும் என்று நேற்றிலிருந்து பிள்ளைகளைக்கூட அவள் கிட்டே சேர்க்கவில்லை. இவ்வளவு பக்தி இவளைக் கொன்றுவிடும் என்ற பயம் அவனை உலுக்கியது.

"நீ மவுத்தாப் போனா இந்தப் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?" என்று கதவைத் தள்ளினான்.

பின்னாலேயே வந்த தெரேசா, நொடியில் முடிந்துவிடும் என்று ஆறுதல் சொல்லிச் சைதாவின் கையைப் பிடித்தாள். பிடித்த கையைச் சட்டென்று விட்டாள்.

"தெரேசாம்மா, இவருக்கு நீங்களாவது சொல்லுங்க," என்றாள் சைதா. காய்ச்சலில் அவள் பற்கள் அடித்துக்கொண்டன. "ஊசியால நோன்பு முறியாதுன்னு எனக்குத் தெரியும் மச்சான். எப்படியாவது ஒங்கள இங்கேருந்து கிளப்பிவிடத்தான் பாத்தேன்."

அவள் மெல்லக் கையை உயர்த்தினாள். அக்குளில் முட்டையளவு கட்டி புடைத்திருந்தது.