அடுத்த சொல்

நாவல் எழுதும் ரோஸ்லினிடம் ஒரு மைப்பேனாவும் ஒரு செல்போனும் இருந்தன. பிள்ளை பிறந்த பிறகு, ஒரு கையில் அதை ஏந்திக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் போனில்தான் எழுதினாள்.

"உங்க வேலை போச்சே, அண்ணே!" என்று போன் பேனாவைச் சீண்டியது. "அவங்க ஒரு சொல் தட்டினா, அடுத்ததை நானே எடுத்துக் கொடுப்பேன். உங்களால முடியுமா?"

"முடியாது தம்பி. அவள் எழுதின பிறகுதான் எனக்கே தெரியும்," என்றது பேனா.

நாவலில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறக்கும் இடம் வந்தது. மனசு வராமல், அதையே அழித்து அழித்து எழுதிக்கொண்டிருந்தாள்.

ஒரு மத்தியானம், வெளியூரில் இருக்கும் கணவனுக்குச் செய்தி அனுப்ப, "குழந்தை" என்று தட்டினாள். போன் ஆசையாக அடுத்த சொல்லை நீட்டியது: "இறந்துவிட்டது."

போனை எறிந்துவிட்டு, தூங்கும் பிள்ளையின் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. அப்புறம் போனை எடுத்து நாவல் முழுவதையும் அழித்தாள்; அதோடு எழுதுவதையே விட்டுவிட்டாள்.

"அவங்க அதிகமா எழுதின சொல்லைத்தானே கொடுத்தேன்?" போன் தேம்பியது. "இனிமே அதைக் காட்டவே மாட்டேன். அவங்களை மறுபடி எழுதச் சொல்லுங்க, அண்ணே."

"என் மூடியைத் திறந்தால்தானே தம்பி, நான் சொல்ல முடியும்?" என்றது பேனா.