கம்மல் தொங்கும் சட்டங்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. சின்னக் கதைதான். அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அக்கா மாப்பிள்ளையையும் பெண்ணையும் முதுகுப் பக்கமாக வெளியே இழுத்தாள். யார் வீட்டுக் கல்யாணமோ, பழைய சாமான் கடை வரைக்கும் வந்துவிட்டது. கிழித்துப் போட மனசு வராமல் போட்டோவை அலமாரியில் வைத்துவிட்டு, காலிச் சட்டத்தை மடியில் போட்டுக்கொண்டாள்.

வேலை பார்த்த தையல் கம்பெனியை மூடியதிலிருந்து அவளுக்குத் தம்பி வீடுதான் கதி. தம்பியும் அவன் மனைவியும் வேலைக்குக் கிளம்பினால், இரண்டு வாண்டுகளும் சமையலறையும் அவள் தலையில். மிஞ்சிய நேரத்தில் பழைய படச்சட்டங்களை நகை மாட்டும் சட்டங்களாக மாற்றினாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெல்வெட் ஒட்டிய அட்டையைப் பின்னால் பொருத்துவாள். சங்கிலிக்கு மேல்கட்டையில் கொக்கிகள், கம்மலுக்குக் குறுக்கே லேஸ் பட்டை.

இப்போதெல்லாம் படம் இல்லாத வெறும் சட்டங்களே அதிகம் கிடைத்தன. சிலவற்றில் கொக்கி திருகத் துளைகூடத் தயாராக இருந்தது. 'எந்தப் புண்ணியவான் நம்ம வேலையைப் பாதி முடிச்சு வச்சானோ' என்று நினைத்துக்கொள்வாள்.

"அக்கா, முடிஞ்சுதா? பேன்சி ஸ்டோர் அம்மா நேத்தே போன் பண்ணிட்டாங்க" என்று ஹெல்மெட்டோடு வந்து நின்றான் தம்பி.

"இருடா, பசை காய வேணாமா? உன் கல்யாணத்துக்கே நீ இப்படிப் பறக்கல."

"அது வேணாம்னு ஓடியிருக்க வேண்டிய நேரம்க்கா. பறந்து என்ன பண்றது?"

உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள். "கேட்டுச்சு, கேட்டுச்சு! அண்ணி, உங்க கைக்கு இருக்கற மவுசு எங்க ரெண்டு பேர் படிப்புக்கும் இல்ல, தெரியுமா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. தம்பி சட்டங்களைக் கோணிப்பையில் அடுக்கிக்கொண்டு, மனைவியை வேலையில் இறக்கிவிட ஸ்கூட்டரில் கிளம்பினான்.

வாண்டுகளும் பள்ளிக்குப் போய் வீடு அடங்கியதும் அவள் போனை எடுத்தாள். கம்பெனியில் கூட வேலை செய்த தோழி வேறு ஊரில் சொந்தமாகத் தையல் யூனிட் தொடங்கி, துணி வெட்டும் பிரிவைப் பார்த்துக்கொள்ள இவளைக் கூப்பிட்டிருந்தாள். தங்க ஓர் அறையும் உண்டு. உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்ள சொந்தமாக ஓர் அறை என்பது அக்காவின் இத்தனை வருஷத்து ஆசை.

சில மாதங்களுக்கு முன் சாப்பிடும்போது அந்த விஷயத்தை வீட்டில் சொன்னாள். "போக வேணாம்க்கா, நீ இல்லாம இந்த வீடு வீடாவா இருக்கும்?" என்று தம்பி கண் கலங்கினான். அடுத்த வாரம் பரணில் கிடந்த அவள் சட்டங்களை எல்லாம் பேன்சி ஸ்டோரில் கொடுப்பதாகக் கொண்டுபோனான். எல்லாம் விற்றுவிட்டதாம், பணத்தையும் அவள் கையில் கொடுத்தான்! அன்றிலிருந்து கைக்கு ஓய்வில்லை.

"நான் வரலடி" என்றாள் தோழியிடம். "இங்கேயே எனக்குன்னு ஒரு தொழில் அமைஞ்சுடுச்சு. என் பொருளைத் தேடி வந்து வாங்கறாங்க. இதே தெருவுல ஒரு ரூம் பார்த்துக்கலாம்னு இருக்கேன். பசங்களையும் விட்டுப் பிரிய வேணாம்."

"நல்லா யோசிச்சுக்கோ. இன்னிக்கே வேற ஆளை எடுத்துடுவேன். அப்புறம் அழுதுட்டு வந்து நிக்கக் கூடாது."

"எடுத்துக்கோடி. நான் ஏன் அழப் போறேன்?"

போனை வைத்த கையோடு புடவையை மாற்றிக்கொண்டு பழைய சாமான் கடைக்கு நடந்தாள். வழக்கமாகப் போகிற நாள் இல்லை. ஆனாலும் தொழில்காரி ஆகிவிட்டாளே, சரக்கு வேண்டாமா?

"அடடே, வாங்கம்மா! என்ன, நாள் மாறி வந்திருக்கீங்க?" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார் கடைக்காரர்.

"பிரேம் நிறைய வேணும். இருக்கா?"

"உங்களுக்கு இல்லாததா? ஒருத்தர் வாடிக்கையா கொண்டு வந்து போடறாரு. வர்ற நேரம்தான், உக்காருங்க."

பெரிய மனுஷியைப் போல உட்கார்ந்தாள். வாசலில் ஸ்கூட்டர் நின்றது. கோணிப்பையை இழுத்துக்கொண்டு பின்பக்கமாகவே படியேறிய ஆள் உள்ளே வந்து திரும்பினான். தம்பி.

பையின் வாயில் காலையில் அவள் ஒட்டிய வெல்வெட் தெரிந்தது. பசைகூட இன்னும் முழுதாகக் காயவில்லை. அவள் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தம்பி ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

கடைக்காரர் மட்டும் கலகலவென்று சிரித்தார். "வாங்க சார்! இந்தத் துணியையும் கொக்கியையும் பிடுங்கிப் பிடுங்கி என் நகமே போச்சு. ஆனா ஒண்ணு, நீங்க வேணாம்னு தூக்கிப் போடறதை எல்லாம் ஆசையா வாங்கிட்டுப் போறது இந்த அம்மாதான்!"

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. உங்கள் வீட்டில் உங்களைப் போக வேண்டாம் என்று சொல்கிறவர்கள், உங்களுக்காகவே சொல்கிறவர்களாக இருக்கட்டும். நல்லா இருங்க.